வீட்டிலேயே பிரெட் மிக்ஸ் கிட் தயாரித்துக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாக பிரெட் சுடத் தெரிந்தவர்களிடம் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்: "மாவை நீங்களே கலந்து கொடுத்துவிடுங்களேன், நாங்கள் வீட்டில் சுட்டுக்கொள்கிறோம்." அப்படிக் கொடுக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கிறிஸ்துமஸுக்குப் பரிசாக நாலு பேருக்குக் கொடுப்பவர்களுக்கும், சின்ன அளவில் விற்க நினைப்பவர்களுக்கும் பொருந்தும்.

கிட் என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்றே பொருள். மாவு, உப்பு, சர்க்கரை, பால் பவுடர் கலந்த பெரிய பொட்டலம் ஒன்று. யீஸ்ட் மட்டும் உள்ள சின்னப் பொட்டலம் ஒன்று. செய்முறை அட்டை ஒன்று. தண்ணீரும் எண்ணெயும் எல்லார் வீட்டிலும் இருக்கும், அவற்றை அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு மேல் "ஒரு முட்டை, கொஞ்சம் தயிர், உருக்கிய வெண்ணெய்" என்று பட்டியல் நீண்டால், கிட் வாங்கியதன் பயனே போய்விடும். பொட்டலம் அலமாரியிலேயே கிடக்கும்.

ஒரு கிட்டுக்கு அளவு என்ன?

9க்கு 5 அங்குல பிரெட் டின்னில் ஒரு லோஃப் வர, நான் பரிந்துரைக்கும் அளவு இது: மைதா 400 கிராம், சர்க்கரை 20 கிராம், பால் பவுடர் 15 கிராம், பொடி உப்பு 7 கிராம். தனியாக இன்ஸ்டன்ட் யீஸ்ட் 5 கிராம். சுடுபவர் சேர்க்க வேண்டியது 250 மி.லி. தண்ணீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய்.

ஏன் 400 கிராம் என்று கேட்கலாம். மாவை வைத்து நான் அளவை முடிவு செய்யவில்லை, தண்ணீரை வைத்துத்தான் செய்தேன். பல வீடுகளில் அளவுக் கோப்பை இருக்காது. டம்ளர் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. ஆனால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கிடைக்காத வீடு கிடையாது. "அரை லிட்டர் பாட்டிலில் சரிபாதி தண்ணீர்" என்று அட்டையில் எழுதினால் யாரும் தவறவிட மாட்டார்கள். பிரெட்டில் பாதிப் பிரச்சினை தண்ணீர் அளவில்தான் வருகிறது என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே மற்ற அளவுகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

யீஸ்டை மாவோடேயே கலந்து வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். உப்பு பட்டவுடன் உலர்ந்த யீஸ்ட் செத்துவிடும் என்று சிலர் சொல்வது மிகை. ஈரம் இல்லாதவரை பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் இல்லாத நாள் எது? மாவு, உப்பு, பால் பவுடர் எல்லாமே ஈரத்தை இழுக்கும். மாவுக்குள் சிதறிக் கிடக்கும் யீஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக உயிரிழந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. தனிப் பொட்டலமாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. வாங்கியவர் அதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், மாவுப் பொட்டலம் வெளியே இருக்கலாம்.

எந்த யீஸ்ட் வாங்குவது?

இன்ஸ்டன்ட் டிரை யீஸ்ட். இதை நேரடியாக மாவில் கலக்கலாம். ஆக்டிவ் டிரை யீஸ்ட் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எழுப்ப வேண்டும். அடுத்தவர் வீட்டில் நடக்கப்போகும் வேலையில் ஒரு படி கூடினால், தப்பு நடக்கவும் ஓர் இடம் கூடுகிறது.

பேக்கரி சாமான் கடைகளில் 500 கிராம் வேக்யூம் பாக்கெட் கிடைக்கும். காற்றே இல்லாமல் கல் மாதிரி இறுகி இருந்தால் நல்லது. தளர்ந்து போன பாக்கெட்டை எடுக்க வேண்டாம். பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எப்போதோ ஒரு முறை செய்பவர்களுக்கு இந்தப் பெரிய பாக்கெட் வேண்டாம், சின்ன சாஷே போதும்.

புதுப் பாக்கெட் பிரித்த ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை செய்யுங்கள். கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி யீஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டி எழும்பினால் அந்தப் பாக்கெட்டைக் கிட்டுக்குப் பயன்படுத்தலாம். லேசாகக் குமிழி மட்டும் வந்தால் உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் மைதாவில் நல்ல பிரெட் வருமா?

வரும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் "பிரெட் மாவு" புரதம் அதிகம் உள்ள கடினக் கோதுமையில் அரைப்பது. நம் கடை மைதாவில் புரதம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு மில்லுக்கும் வேறுபடும். பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 10 கிராமுக்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குறைவாக இருந்தால் ஒரு கிட்டுக்கு 10 கிராம் குளூட்டன் பொடி (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) சேர்க்கலாம், பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும். உதிரி மைதாவைத் தவிர்ப்பது நல்லது. இன்று வாங்கியதும் அடுத்த வாரம் வாங்குவதும் ஒரே மாவாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் அட்டையில் இருக்கும் தண்ணீர் அளவு மாறாது.

கோதுமை மாவில், ராகியில் கிட் செய்யலாமா?

கோதுமை மாவு மட்டும் வைத்துச் செய்தால் பிரெட் கனமாக வரும். பழகியவர்களுக்கு அது பிடிக்கும், முதல்முறை சுடுபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். 250 கிராம் கோதுமை மாவு, 150 கிராம் மைதா, 10 கிராம் குளூட்டன் பொடி என்று கலந்தால் நன்றாக எழும்பும். சக்கியில் அரைத்த மாவு தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், 280 முதல் 290 மி.லி. வரை போகும். எனவே அட்டையில் "பாதி பாட்டில் தண்ணீர், அதோடு இன்னும் 2 மேசைக்கரண்டி. பிறகும் வறண்டிருந்தால் ஒவ்வொரு தேக்கரண்டியாக" என்று எழுதுங்கள்.

கோதுமை மாவில் தவிடும் முளையும் இருப்பதால் எண்ணெய்ச் சத்து உண்டு. அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இந்த வகைக் கிட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கெடு கொடுக்காதீர்கள்.

ராகி, கம்பு, சோளம் இவற்றில் குளூட்டன் கிடையாது. 340 கிராம் மைதாவுக்கு 60 கிராம் ராகி என்ற அளவில் சேர்த்தால் நிறமும் மணமும் வரும், மிருதுத்தன்மை போகாது. அப்புறம் முக்கியமான ஒன்று: கடையில் "சிறுதானிய பிரெட்" என்று விற்பதைப் பார்த்து நீங்களும் உறையில் "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று போட்டுவிடாதீர்கள். முக்கால் பங்குக்கு மேல் மைதா இருக்கும் பொருளை அப்படிச் சொல்லிக் கொடுப்பது ஒருவர் உடம்போடு விளையாடுவது.

குளூட்டன் இல்லாத கிட் கேட்கிறார்கள். செய்து கொடுக்கலாமா?

மைதா புழங்கும் அதே சமையலறையில் வேண்டாம். மாவுத் தூசி காற்றில் பறந்து சல்லடை, கரண்டி, தராசு எல்லாவற்றிலும் படியும். குளூட்டனே ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தத் துளியே போதும். "என்னால் முடியாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பத்து இருபது கிட் மொத்தமாகச் செய்யும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பிரிக்கலாமா?

பெரிய பாத்திரத்தில் கையால் கலந்தால் உப்பு ஒரு பக்கம் கூடும், இன்னொரு பக்கம் குறையும். ஒருவருக்கு உப்புக் கரிக்கும் பிரெட், இன்னொருவருக்குச் சப்பென்று ஒன்று. இருபது வரைக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாக எடைபோடுவதே சரி. பைகளை வரிசையாக நிற்கவைத்து, முதல் சுற்றில் எல்லாவற்றிலும் மைதா, அடுத்த சுற்றில் சர்க்கரை என்று போனால் குழப்பம் வராது. ஒரு சுற்றுக்கு ஒரு பொருள், அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த டப்பாவைத் திறப்பது.

சமையலறைத் தராசு 1 கிராம் கணக்கில் காட்டும். 400 கிராம் மைதாவுக்கு அது போதும், 5 கிராம் யீஸ்டுக்குப் போதாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு அதிக விலை இல்லை, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பால் பவுடரில் கட்டி இருந்தால் சலித்துவிட்டுப் போடுங்கள். கல்லுப்பு வேண்டாம், கரையாமல் நிற்கும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லத்தூளும் ஈரம் உள்ளவை, மாவைக் கட்டியாக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையே பொருத்தம்.

மாவில் வண்டு வருகிறது. வறுத்துப் போடலாமா?

வறுக்கவே கூடாது. புட்டு மாவுக்கும் இடியாப்ப மாவுக்கும் வறுப்பது சரி, பிரெட்டுக்கு வறுத்தால் குளூட்டன் கெட்டு மாவு எழும்பாது. வண்டின் முட்டை பெரும்பாலும் நாம் வாங்கும்போதே மாவில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நல்ல வழி: வாங்கிய பாக்கெட்டை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் நான்கு நாள் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் வெளியே வைத்து, முழுதாக அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த மாவின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். பிறகு சலித்து எடை போடலாம். வேப்பிலை, பிரியாணி இலை எல்லாம் உங்கள் வீட்டு டப்பாவோடு இருக்கட்டும்.

எதில் அடைப்பது? கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டால் அழகாக இருக்குமே?

பார்க்க அழகுதான். ஆனால் ஜாடியில் 400 கிராம் மாவை அழுத்தி அடைக்க வேண்டியிருக்கும், கூரியரில் உடையும், விலையும் கூடும். உணவுக்கு உகந்த, தடித்த, ஜிப் உள்ள நிற்கும் பை போதும். ஜிப்புக்கு மேலே சீலிங் மெஷினில் ஒரு கோடு ஒட்டிவிட்டால் காற்றுப் புகாது. யீஸ்டுக்குச் சின்ன அலுமினியப் பூச்சுப் பை நல்லது. அதைப் பெரிய பைக்குள் புதைக்காமல் வெளியே ஒட்டுங்கள். உள்ளே போட்டால் மாவோடு சேர்த்துக் கொட்டிவிட்டுத் தேடுவார்கள்.

மழைக்காலத்தில் அடைப்பதானால் மழை இல்லாத வேளையாகப் பார்த்து, அடுப்பில் எதுவும் கொதிக்காத நேரத்தில் செய்யுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

மைதா கிட் இரண்டு மாதம் என்று எழுதுங்கள். மைதா அதற்கு மேலும் இருக்கும், சின்னப் பையில் பிரித்த யீஸ்ட் இருக்காது. முழுக்கொழுப்புப் பால் பவுடரைவிடக் கொழுப்பு நீக்கியது நாள்பட நிற்கும். நீங்கள் பயன்படுத்திய எந்தப் பாக்கெட்டின் கெடுத் தேதியும் உங்கள் தேதிக்கு முன்னால் வரக்கூடாது.

செய்முறை அட்டையில் என்ன எழுதுவது?

கிட்டில் மிக முக்கியமான பொருள் இந்த அட்டைதான். மாவு யார் வேண்டுமானாலும் எடை போடலாம். உங்கள் கைக்குத் தெரிந்ததை, இதுவரை பிரெட் மாவைத் தொட்டே பார்க்காத ஒருவர் கைக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் வேலை. நேரத்தை மட்டும் எழுதினால் பயன் இல்லை. சென்னையில் மே மாதம் முக்கால் மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் மாவு, ஊட்டியில் டிசம்பரில் இரண்டு மணி நேரம் கேட்கும். எனவே நேரத்தோடு அடையாளத்தையும் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"அகலமான பாத்திரத்தில் மாவைக் கொட்டி, யீஸ்டைச் சேர்த்துக் கலக்கவும். அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்துக்கொள்ளவும். தண்ணீரில் விரல் வைத்தால் சூடும் குளிர்ச்சியும் தெரியக்கூடாது. ஊற்றிப் பிசையவும். சப்பாத்தி மாவைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும், வேறு மாவு சேர்க்க வேண்டாம். 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் இழுத்து மடித்துப் பிசையவும். மாவு வழவழப்பாகி, சின்ன உருண்டையை விரலால் விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வு மாதிரி வரும். மூடி வைக்கவும். இரண்டு மடங்கு ஆனதும் (45 முதல் 90 நிமிடம்) அமுக்கிக் காற்றை நீக்கி, டின்னின் நீளத்துக்கு உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைக்கவும். டின்னின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் உயரம் வந்ததும், முன்பே சூடேற்றிய ஓவனில் 190 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுடவும். டின்னிலிருந்து எடுத்து அடியில் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டும் ஓசை வரும். முழுக்க ஆறிய பிறகே வெட்டவும்."

"வேறு மாவு சேர்க்க வேண்டாம்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சப்பாத்திக்குப் பழகிய கை, ஒட்டினால் உடனே மாவு தூவும். அதனால்தான் முதல் பிரெட் செங்கல்லாகிறது. ஒட்டினால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நன்றாகவே சுடும். யீஸ்ட் 55 டிகிரிக்கு மேல் பிழைக்காது. அந்த மாதங்களில் கொடுக்கும் கிட்டில் "பானைத் தண்ணீர் அல்லது குடிநீர் கேன் தண்ணீர்" என்று சேர்த்து எழுதலாம்.

அட்டை எழுதியதும் பிரெட்டே சுட்டிராத ஒருவரிடம் கிட்டோடு கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு?

நம் ஊரில் இது பெரிய கேள்வி. நான் முதலில் சொல்வது ஆவியில் வேகும் பன். அதே மாவை எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகளாக்கி, இலைத் துண்டின் மேல் வைத்து இட்லிப் பாத்திரத்தில் 12 முதல் 15 நிமிடம் வேகவைத்தால் வெள்ளையாக, மிருதுவாக வரும். இதில் தோற்பது கடினம். தட்டிப் போட்டுத் தோசைக்கல்லில் மூடி வைத்துச் சுட்டாலும் நன்றாக இருக்கும்.

குக்கரில்தான் வேண்டும் என்பவர்களுக்கு: அடியில் ஒன்றரை கப் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு மூடி மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். 7 அங்குல வட்ட டின்னில் மாவை வைத்துச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். மேல்பக்கம் சிவக்காது. ஆறியதும் அந்தப் பக்கத்தை மட்டும் தோசைக்கல்லில் காட்டலாம். கேஸ்கெட்டை எடுக்கச் சொல்லும் வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உப்பில்லாமல் வெறும் குக்கரைச் சூடாக்கவும் கூடாது.

மசாலா, பூண்டு, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்க்கலாமா?

உலர்ந்ததாக இருந்தால் சரி. சீரகம், கருஞ்சீரகம், ஓமம், மிளகு, முருங்கைக்கீரைப் பொடி எல்லாம் மாவோடேயே போகலாம். டூட்டி ஃப்ரூட்டியும் திராட்சையும் ஈரப்பசை உள்ளவை, தனிப் பொட்டலம் வேண்டும். பட்டைத்தூள் மாவில் அதிகம் கலந்தால் யீஸ்டின் வேகத்தைக் குறைக்கும். அதையும் தனியாகக் கொடுத்து, மாவை விரித்து மேலே தூவிச் சுருட்டச் சொல்லுங்கள். பச்சைப் பூண்டு, பொரித்த வெங்காயம் கூடாது. முந்திரி, பாதாம் போட்டால் உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

குழந்தைகள் பிசைய ஆசைப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லையே?

பிசையட்டும், இந்த வேலையில் அவர்களுக்குத்தான் சந்தோஷம் அதிகம். பச்சை மாவை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மைதா வேகாத பொருள், அதில் கிருமி இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி கலந்த மாவால் 63 பேர் நோயுற்றார்கள். அட்டையின் கீழே "பச்சை மாவை ருசி பார்க்க வேண்டாம், பிசைந்தபின் கை கழுவவும்" என்று ஒரு வரி போதும்.

கடை பிரெட்டே மலிவாகக் கிடைக்கிறதே, இதை ஏன் வாங்குவார்கள்?

விலையில் கடையோடு போட்டி போடாதீர்கள், முடியாது. வாங்குபவர்களுக்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, சுடும்போது வீடு முழுக்க வரும் மணம். இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்ற நிச்சயம். 2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பிரெட், பன், பிட்சா வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, 32இல் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் (மாவைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும், உடம்புக்குக் கெடுதல் என்று சந்தேகிக்கப்படும் ரசாயனங்கள்) இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே புரோமேட்டை அரசு தடை செய்தது. அந்தச் செய்தியிலிருந்துதான் பலரும் உறையின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். உங்கள் உறையின் பின்பக்கம் ஐந்தே பொருள் இருக்கும், எல்லாம் பாட்டிக்கும் தெரிந்த பெயர்கள், யீஸ்டைத் தவிர.

விற்பதற்கு அனுமதி வேண்டுமா?

வேண்டும். தெரிந்தவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. பணம் வாங்கினால், வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. சிறு தயாரிப்பாளர்களுக்கு அடிப்படைப் பதிவு என்று ஒன்று உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்கோஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் விற்பனை வரம்பும் அங்கேயே இருக்கும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை உறையில் போட வேண்டும். அதோடு பொருள்களின் பட்டியல் (எடை அதிகமானது முதலில்), நிகர எடை, தயாரித்த தேதி, கெடுத் தேதி, அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி. கோதுமையும் பாலும் ஒவ்வாமை தரக்கூடியவை, அவற்றைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

வாங்கியவர் "பொங்கவே இல்லை" என்று சொன்னால்?

மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது? யீஸ்ட் பொட்டலம் எங்கே இருந்தது? எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? பெரும்பாலும் மூன்றாவதில்தான் விடை இருக்கும். மாவு இன்னும் கையில் இருந்தால், மூடிவைத்து இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அசையாவிட்டால், புதிய யீஸ்ட் 5 கிராமை ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதே மாவில் பிசைந்து சேர்க்கலாம், காப்பாற்றிவிடலாம். அதற்கும் வழியில்லை என்றால் மெல்லியதாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் போட்டு அன்றைய டிபனை முடித்துக்கொள்ளட்டும், நீங்கள் புதுக் கிட் ஒன்று கொடுத்துவிடுங்கள்.